கோட்டுக்குக் கீழே முதல் ஆள்

எங்கள் கணக்கு மிஸ்ஸுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எவர் எதற்குக் கோடு கீறினாலும் மேலே நிற்கிறவர்களை அவர் பார்க்கவே மாட்டார். நேரே கீழே போவார். கோடு முடிந்த இடத்துக்கு அடுத்ததாக, மயிரிழையில் தவறிப்போய் நிற்கிற ஆளைத் தேடுவார்.

"கீழை முதல் ஆள் ஆர்?"

கேட்கிறபோது கண் இரண்டும் பெரிதாகும். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு, ஏதோ பரிசு கொடுக்கத்தான் ஆள் தேடுகிறார் என்று தோன்றும். அவ்வளவு அவதி, அவ்வளவு அவசரம்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. இப்போது மன்னார்ப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். அங்கேயும் ஏதாவது ஒரு கோட்டுக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அச்செழுத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பிறர் கையெழுத்து எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரி. இதை எழுதவே மூன்று கிழமை எடுத்தது. ஆனால் இலக்கம் தெரியும். இலக்கத்தில் என்னை இதுவரை ஒருவரும் ஏமாற்றியதில்லை. நகரத்தில், நாங்கள் ரவுண் என்கிற இடத்தில், ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் கணக்கு வாத்திமார் சேர்ந்து நடத்திய சங்கம் ஒன்று இருந்தது. அங்கே பதினொரு வருசம் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போட்டவள் நான். மிஸ் அந்தச் சங்கத்தின் செயலாளர். பகலில் பள்ளிக்கூடம், பின்னேரத்தில் சங்கம். நாற்பது வயதிருக்கும். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

மண்ணெண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற நாட்கள் நினைவிருக்கும். ஒரு நாள் நானும் மிஸ்ஸும் ஆளுக்கொரு கானோடு நின்றோம். எண்ணெய்க்காரர் வெளியே வந்து வரிசையை எண்ணினார். இரண்டு பேருக்கு நடுவே கையை வைத்தார்.

"இதோடை சரி. பின்னாலை நிக்கிற ஆக்கள் வீட்டை போங்கோ."

நாங்கள் கைக்கு மேலே. அப்பாடா என்று நான் கானை இறுக்கிப் பிடித்தேன். பக்கத்தில் மிஸ்ஸைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், கைக்குக் கீழே நின்ற கிழவரோடு கதைத்துக்கொண்டிருக்கிறார்.

"எத்தினை மணிக்கு வந்தனீங்கள் ஐயா?"

"முதல் பஸ்ஸிலை பிள்ளை. சண்டிலிப்பாயிலை இருந்து."

"உங்களுக்கு முன்னாலை நிக்கிறவர்?"

"உவரோ? உந்த முன்வீடுதான். பல்லு மினுக்கிப்போட்டு ஆறுதலா வந்து நிண்டவர்."

முன்வீட்டுக்காரருக்குக் காது கேட்டது. "ஏன், ரோட்டுக்கு முன்னாலை வீடு கட்டினது என்ரை பிழையோ?" என்று அவர் பாய, மிஸ் அவரையும் பார்த்துச் சந்தோசமாகத் தலையாட்டினார். "இல்லை அண்ணை, அதுவும் சரிதான்" என்றார். என்னிடம் ஓடிவந்தார்.

"பாத்தீங்களே அம்மா? ரெண்டு பேரும் ஒரே வரிசை. ஒராள் நாலடி நடந்து வந்தவர். மற்றவர் இருட்டோடை எழும்பி பஸ் பிடிச்சு வந்தவர். கை விழுந்தது நடுவிலை!"

"கை எங்கையாவது விழத்தானே மிஸ் வேணும்" என்றேன்.

"அதுதான் அம்மா கேள்வி! எங்கை விழவேணும் எண்டதுதான் கேள்வி!"

தோளில் ஒரு தட்டுத் தட்டினார். நான் யோசித்தா சொன்னேன்? வாயில் வந்தது. எழுபது வயதை நெருங்கும்போதுதான் முதன்முதலாக ஒரு ரீச்சர் என்னைக் கெட்டிக்காரி என்ற மாதிரிப் பார்த்தார்.

கிழவருக்கு மிஸ் தன் எண்ணெயில் ஒரு துளி கொடுக்கவில்லை. அதையும் சொல்லவேண்டும். கொடுத்தால் கிழவருக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு என்ன சொல்வது என்று யோசித்திருக்கிறார். அதனால் அன்று இரவு அவருக்கு நித்திரை வரவில்லையாம். இப்படியும் ஒரு ஆள்.

கோயில் மடத்திலும் இதே கதைதான். பந்தி நிறைந்து இலை முடிந்துவிட்டால், வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட முதல் ஆளோடு போய் நிற்பார். உள்ளே எல்லோரும் சோற்றில் கை வைத்திருப்பார்கள். "வந்து இரும் பிள்ளை, உமக்கு இலை போட்டிருக்கு" என்று மடத்துப் பெரியவர் கத்துவார். மிஸ் வாசலில் நின்று, "அடுத்த பந்தி எப்ப? இவர் எப்ப சாப்பிடுவார்?" என்று கேட்பார். ஒரு தடவை அவருடைய இலையில் வேறு யாரோ இருந்து சாப்பிட்டுவிட்டுப் போயும் விட்டார்கள்.

இனிச் சங்கத்துக் கதைக்கு வருகிறேன்.

சங்கம் வருசத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டி வைக்கும். குடாநாட்டை ஐந்து பகுதியாகப் பிரித்திருந்தார்கள். ரவுண், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, பண்ணைப் பாலத்துக்கு அப்பால் தீவு. முதல் சுற்றைப் பிள்ளைகள் தங்கள் தங்கள் பகுதியிலேயே எழுதுவார்கள். பகுதிக்குப் பத்துப் பேர் இரண்டாம் சுற்றுக்கு ரவுணுக்கு வருவார்கள். ஐந்து பத்து ஐம்பது. மண்டபத்தில் ஐம்பது மேசை. பத்தாவது பிள்ளையின் புள்ளி எதுவோ அதுதான் அந்தப் பகுதியின் கோடு. ரவுணில் கோடு எப்போதும் உயரத்தில் நிற்கும். தீவில் பதிவாக, தாழ நிற்கும்.

மிஸ் வருமுன் கோட்டை எப்படிக் கீறினார்கள் என்று எனக்குத் தெரியும். மாஸ்டர்மார் நாலு பேர் பெயர்ப் பட்டியலைச் சுற்றி இருப்பார்கள். எல்லோரும் ரியூசன் கொடுக்கிறவர்கள். "உது நல்ல பெட்டை. கோட்டை ஒரு விரல் இறக்குவம்." "அப்ப என்ரை பெடியனுக்கும் ஒரு விரல் இறக்கு." கோடு ஏறும், இறங்கும். நான் தேத்தண்ணியோடு மூன்று தரம் வந்து போவேன்.

மிஸ் வந்த முதல் வருசமே அதை நிற்பாட்டினார். புள்ளிகளைப் பெரிய தாளில் மேலிருந்து கீழே எழுதி, பெயர் இருக்கிற பக்கத்தைப் பின்னால் மடித்து, மடிப்பை என்னுடைய உடுப்புக் கிளிப்புகளால் கவ்வி, கரும்பலகையில் தொங்கவிட்டார். ஐந்து தாள். அன்றைக்கு நான் காயப்போட்ட உடுப்பு முழுக்க நிலத்தில் கிடந்தது.

"மாஸ்டர்மார், ஒருத்தரும் தாளைத் தொடக்கூடாது" என்றார்.

"அப்ப கோடு கீறுறது ஆர்?"

"அம்மா கீறுவா."

நான் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றேன். "எனக்குக் கையெழுத்து வாசிக்கத் தெரியாது மிஸ்."

"அதுக்குத்தான் அம்மா உங்களைக் கேக்கிறன்."

மாஸ்டர்மார் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. மிஸ் சிரிக்கவில்லை. கோடு கீறுகிற அடிமட்டத்தை என் கையில் தந்து, சிவப்புப் பேனையையும் தந்து, பக்கத்தில் வந்து சொன்னார். "இவைக்குப் பெயரைக் கண்டா கை நடுங்கும். உங்களுக்கு இலக்கம் மட்டும்தான் தெரியும். இந்த அறையிலை இதைச் செய்யக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்."

பத்து எண்ணி, அடிமட்டத்தை வைத்து, கீறினேன். ஐந்து தாளிலும். ஒன்று கூடக் கோணவில்லை. அந்த வருசம் தொடங்கி எல்லா வருசமும் நான்தான் கீறினேன். சேலை கூட நல்லதாக உடுத்திக்கொண்டு போவேன். படித்தவர்கள் நாலு பேர் கதிரையில் இருக்க, நான் நின்று கோடு கீறினேன் என்பதை யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

கீறி முடிய மிஸ் கிளிப்பைக் கழற்றிப் பெயர்களை வாசிப்பார். எதை முதலில் வாசிப்பார் என்று சொல்லவும் வேண்டுமா? ஒவ்வொரு தாளிலும் பதினோராவது பெயரைத்தான்.

இந்தப் பகுதிக் கோடுகள் அந்த மாஸ்டர்மாரில் மூத்தவரான பெரிய மாஸ்டருக்குப் பிடிக்காது. கரவெட்டிக்காரர். இளைப்பாறியவர், சத்தமான ஆள். அவருக்கு ஐந்து கோடு என்றால் உடம்பில் ஐந்து சிரங்கு மாதிரி.

"கணக்குக்கு ஒரு விடைதானே மிஸ்? பண்ணைப் பாலத்துக்கு அங்காலை ரெண்டும் ரெண்டும் அஞ்சோ?"

"நாலுதான் மாஸ்டர். ஆனா அங்காலை கணக்கு ரீச்சர் இல்லாமல் எத்தினை மாசம் எண்டும் எண்ணுங்கோ."

"ரவுணிலை அறுபத்தொன்பது எடுத்த பிள்ளை வீட்டை அழுதுகொண்டு இருக்குது. அங்காலை ஐம்பத்தைஞ்சு எடுத்தது இஞ்சை வந்து வெறுந்தாள் குடுத்திட்டுப் போகுது. இது நீதியோ?"

"வாசலைத் திறந்து விட்டாத்தானே மாஸ்டர் வரப் பழகுங்கள்?"

"அப்ப பழகின ஒண்டைக் காட்டும். தீவுப் பக்கத்திலை எழுபது எடுத்த ஒரே ஒரு பிள்ளையைக் காட்டும். அண்டைக்கு நான் வாயைப் பொத்துறன். சங்கம் இருக்குமட்டும் திறக்கமாட்டன்."

வருசா வருசம் இந்தச் சண்டை. தேத்தண்ணி ஆறிப்போகும்.

நான் சொல்ல வந்த அந்த வருசமும் தாள்கள் தொங்கின. நான் கீறினேன். ரவுணில் பத்தாவது புள்ளி எழுபத்தொன்று. தீவுத் தாளுக்கு வந்தேன். பத்தாவது ஐம்பத்தெட்டு, பதினொன்று ஐம்பத்தேழு. நடுவே கோடு. அடிமட்டத்தை எடுத்துவிட்டு நிமிர்ந்தால், தாளின் உச்சியில் நிற்கிறது எழுபது!

மிஸ் கண்டுவிட்டார். வாயில் கையை வைத்தார். பிறகு கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார், கதிரை விழுந்தது.

"மாஸ்டர்! எழுபது! தீவிலை எழுபது!"

பெரிய மாஸ்டர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கரும்பலகைக்குக் கிட்டப் போனார். அவர் எதிரி என்றாலும் நேர்மையான ஆள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் திரும்பித் திரும்பிக் காட்டினார். அறை முழுக்கச் சிரிப்பு. மிஸ் என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார். தன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கீழே இருக்கிற ஆளை மறந்துபோய் மேலே பார்த்தார். கிளிப்பைக் கழற்றி உச்சிப் பெயரைத்தான் முதலில் வாசித்தார்.

"யதுசா..." தகப்பனுடைய பெயரையும் வாசித்தார். தீவில், வேலணையில் ஒரு விலாசத்தையும் வாசித்தார்.

நான் கோப்பைகளைத் தட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்குவதை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

அந்தப் பிள்ளை என் அடுத்த வளவு, பக்கத்து வீடு. ரவுண் பகுதி அரியாலையில் பிறந்து அரியாலையில் வளர்ந்தவள். தகப்பன் கடல்நீரேரிக்குப் போகிறவர். நண்டு பட்டால் எனக்கு இரண்டு எடுத்து வைப்பார். என்னைப் பெரியம்மா என்பார். இரண்டு மாதமாகச் சனிக்கிழமை தோறும் யதுசா காலை பஸ்ஸுக்கு ஓடுவாள். "எங்கையடி பிள்ளை?" என்றால், "அத்தை வீட்டை ஆச்சி, வேலணைக்கு" என்பாள். ஒவ்வொரு கிழமையும் பிந்தித்தான் வருவாள். பஸ்ஸை மறித்து வைத்து அவளை ஏற்றிவிட்டதே நான்தான்! சனிக்கிழமைகளில் தீவில் சங்கம் நடத்திய பயிற்சி வகுப்புக்குப் போகிறாள் என்று எனக்கு எங்கே தெரியும்? போட்டி விண்ணப்பத்தில் அத்தையின் விலாசத்தைப் போட்டு, தீவுப் பிள்ளையாக எழுதியிருக்கிறாள்.

மாஸ்டர்மார் போகும்வரை நான் வாய் திறக்கவில்லை. கோப்பைகளைக் கழுவினேன். கழுவியதையே திரும்பவும் கழுவினேன். சொன்னால் அடுத்த வளவுக்கும் எனக்கும் கதை முடிந்தது. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. மிஸ்ஸுக்குச் சந்தோசம், பிள்ளைக்குச் சந்தோசம், எனக்கு நண்டு. ஆனால் கோட்டுக்குக் கீழே ஐம்பத்தேழு நின்றது. கீறியது என் கை. அந்தப் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாது. முகம் தெரியாததால்தான் என்னைக் கீறச் சொன்னார்கள்.

மிஸ் உள்ளே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தாள்களை மடித்தார்.

"மிஸ், அந்த எழுபது..."

"என்ன அம்மா, இன்னும் நம்பேல்லையே?"

"அது எங்கடை அரியாலைப் பிள்ளை மிஸ்."

எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸை மறித்ததையும் சொன்னேன். மிஸ் விழுந்த கதிரையை நிமிர்த்தி வைத்து அதில் இருந்தார். மூக்கு சிவந்தது. பிறகு தீவுத் தாளைத் திரும்ப விரித்து, விரலை நேரே பதினோராவது இடத்துக்குக் கொண்டுபோனார்.

"பிரவீணா" என்றார். "ஐம்பத்தேழு. அம்மா, இந்தப் பிள்ளையை நான் இண்டைக்கு வாசிக்கவேயில்லை. பாத்தீங்களே என்ரை லட்சணத்தை?"

உடனே போனை எடுத்துப் பெரிய மாஸ்டருக்கு அடித்தார்.

"மாஸ்டர், வாயைத் திறவுங்கோ."

"ஏன், என்ன?"

"எழுபது எங்கடை ரவுண்தான். பொய் விலாசம்."

மாஸ்டர் சொன்னது எனக்கும் கேட்டது. "வெண்டுபோட்டன் எண்டு குதிக்கவேணும் போலை இருக்கு. ஆனா ஏனோ குதிக்க ஏலாமல் கிடக்கு. பொழுதுபட முதல் அந்தத் தகப்பனைப் போய்ப் பாரும்."

மிஸ்ஸின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினேன். வாழ்க்கையில் முதல் தடவை. ஒரு கையால் அவருடைய இடுப்பையும் மற்றக் கையால் என் சேலையையும் பிடித்துக்கொண்டு, தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டபடி போனேன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்து இருந்தேன்.

தகப்பன் வளவில் இருந்து நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸைக் கண்டதும் எழும்பி, மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டார். என்னைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

"பெரியம்மா சொல்லிப்போட்டாவோ?"

"நான்தான் சொன்னனான் தம்பி."

மிஸ் ரவுண் கோட்டையும் தீவுக் கோட்டையும் பிள்ளையின் எழுபதையும் சொன்னார். தகப்பன் என்னைப் பார்க்கவில்லை. மிஸ்ஸைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"மிஸ், ஒண்டு கேக்கிறன். இஞ்சை எழுபத்தொண்டு வேணும். அங்கை ஐம்பத்தெட்டு காணும். கீறினது நீங்கள். எந்தத் தகப்பன் அந்தப் பஸ்ஸிலை பிள்ளையை ஏத்தமாட்டான்?"

"பொய் விலாசம் எல்லோ அண்ணை."

"பொய்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நான் ரவுணிலை பெரிய ஆளோ? டொக்டரோ? கடலுக்குப் போறவன். ரவுண் கோட்டுக்கு மேலை நிக்கிற பிள்ளையளிலை எத்தினை பேர் மூண்டு ரியூசனுக்குப் போகுதுகள் எண்டு கேட்டுப் பாருங்கோ. என்ரை பிள்ளை ஒண்டுக்கும் போகேல்லை. அவையளோடை ஒரே வரிசையிலை இவளை நிப்பாட்டினது ஆர்? எங்கடை வீடு பாலத்துக்கு இங்காலை இருக்கிறது அவளின்ரை குற்றமோ?"

மிஸ் குனிந்து வலையின் ஒரு நுனியைத் தூக்கிப் பிடித்தார்.

"இல்லை அண்ணை" என்றார். "குற்றம் இல்லை. நான் பாலத்தைத்தான் பாத்தன். உங்கடை வீட்டு வாசல் படலையைப் பாக்கேல்லை."

"அப்ப இன்னுமொரு மேசை போடுங்கோவன்!"

"ஐம்பத்தொரு மேசை போட்டா, ஐம்பத்திரண்டாவது பிள்ளைக்கு என்ன சொல்லுறது? அந்தத் தகப்பனும் இப்பிடித்தானே கேப்பார்?"

கதவுக்குப் பின்னால் நின்ற யதுசா வெளியே வந்தாள். பதினாலு வயது. முகம் அழுத முகம், ஆனால் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை.

"மிஸ், கோட்டை வேறை மாதிரிக் கீறலாம். பகுதிக்கு அஞ்சு அஞ்சு பேர் எடுங்கோ. இருபத்தஞ்சு. மிச்ச இருபத்தஞ்சு மேசைக்கும், எந்தப் பகுதியெண்டு பாராமல், கூடப் புள்ளி எடுத்த ஆக்களை எடுங்கோ."

மிஸ்ஸின் கண் பெரிதானது. தலைப்பை இழுத்துச் செருகினார். "பொறு, பொறு. அப்பிடிக் கீறினா எழுபது எடுத்த நீ உள்ளை. ஐம்பத்தேழு எடுத்த பிரவீணா வெளியிலை."

"ஓம் மிஸ். அதுக்குத்தானே சொன்னனான்!"

மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். தகப்பனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வந்ததை மறைக்க அவர் வலைப்பக்கம் திரும்பினார். யதுசா சிரிக்கவில்லை. ஏதோ கேட்டது போல நின்றாள்.

"எந்தப் பிரவீணா மிஸ்?"

"தீவிலை பதினோராவது. உன்ரை பேரை எடுத்தா பத்தாவது."

"ரெட்டைப் பின்னல் பிரவீணாவோ?"

"எனக்கு முகம் தெரியாது பிள்ளை."

"எனக்குத் தெரியும்" என்றாள் யதுசா. திண்ணைக் குந்தில் இருந்துவிட்டாள். "சனிக்கிழமை வகுப்பிலை அவள்தான் என்ரை வாங்கிலை, பக்கத்திலை இருக்கிறவள். தாய் குடுத்துவிடுற இடியப்பத்திலை பாதி எனக்குத்தான்."

மிஸ் கைப்பையிலிருந்து பிரவீணாவின் விண்ணப்பத்தை எடுத்து வீட்டுப் போன் இலக்கத்தைத் தேடினார். யதுசா கையை நீட்டினாள்.

"நீங்கள் எடுத்தா தாய் பயந்துபோவா மிஸ். பள்ளிக்கூடத்திலை ஏதோ குழப்படி எண்டு நினைப்பா. தாங்கோ, நான் கதைக்கிறன்."

மிஸ் போனைக் கொடுத்தார். சத்தம் வெளியே கேட்கிற மாதிரி அழுத்தியும் விட்டார்.

"எடி பிரவீணா, நான் யதுசா."

"என்னடி? ரிசல்ட் வந்திட்டுதோ?"

"வந்திட்டுது. நீ பாஸ். பத்தாவது."

"பொய்!"

"உண்மையடி. மிஸ் பக்கத்திலை நிக்கிறா."

"அம்மா! அம்மோய்! இஞ்சை வாங்கோ!" அந்தப் பக்கம் ஒரு கூச்சல், ஒரு பாத்திரம் விழுந்த சத்தம், நாய் குரைத்த சத்தம். மிஸ் இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். திரும்ப அந்தக் குரல் வந்தது. "அப்ப ரெண்டு பேரும் ஒண்டாப் போவம். நீ எத்தினையாவது?"

"நான் இல்லை."

"விசரி. நீ என்னைவிடக் கூட எல்லோ எடுத்திருப்பாய்?"

"எழுபது."

"அப்ப?"

யதுசா தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் நிலத்தைப் பார்த்தார்.

"நான் அரியாலையடி. வேலணை இல்லை. அத்தை வீடு உண்மை. நான் இருக்கிறது பொய்."

எனக்கு அந்தப் போனைப் பறித்து ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது.

"கள்ளி" என்றது குரல். "ரெண்டு மாசம் என்ரை இடியப்பத்தைத் திண்டிட்டு, என்ரை இடத்தையும் எல்லோ திங்கப் பாத்திருக்கிறாய்."

"ஓம்."

"சம்பலும் திண்டனி."

"ஓம் எண்டு சொல்லுறன் எல்லோ!"

"சரி. அப்ப உன்ரை கொம்பாஸ் பெட்டியைத் தா. என்ரை கவராயம் சறுக்குது. வட்டம் கீறினா முட்டையா வருது. நீதான் போகேல்லையே, உனக்கு ஏன்?"

யதுசாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"தாறன். ஆனா திருப்பித் தரவேணும். அடுத்த வருசம் நான் இஞ்சையிருந்து எழுதுவன்."

"அங்கை கோடு உயரமெல்லோ?"

"எழுபத்தொண்டாம். அப்ப எழுபத்திரண்டு எடுக்கிறன்."

"அடுத்த வருசம் கோடு எங்கை நிக்குமெண்டு எனக்கே தெரியாது பிள்ளை" என்றார் மிஸ் மெதுவாக. அதை அவர் இரண்டு பிள்ளைகளுக்கும் சொன்னாரா, தகப்பனுக்குச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

தகப்பன் எழும்பி வீட்டுக்குள்ளே போனார். இனி வெளியே வரமாட்டார் என்று நினைத்தேன். ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். வலைக்குப் பக்கத்தில் குந்தி, பெட்டியைத் திறந்து, கவராயத்தில் இருந்த பென்சில் துண்டை எடுத்து வலை வெட்டுகிற கத்தியால் சீவினார். ஆறுதலாகச் சீவினார். திரும்பச் செருகி, ஆணியை இறுக்கி, பெருவிரல் நகத்தில் ஊன்றிச் சுற்றிப் பார்த்தார். கடதாசி ஒன்று கேட்டார். மிஸ் விண்ணப்பத்தின் பின்பக்கத்தைக் கொடுத்தார். அதில் ஒரு வட்டம் போட்டார். தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்தது.

பெட்டியை மூடி மிஸ்ஸிடம் நீட்டினார்.

"அந்தப் பிள்ளையிட்டைக் குடுங்கோ. இனிச் சறுக்காது எண்டு சொல்லுங்கோ."

மிஸ் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.